அமலோற்பவம் சந்து

ஆடிக் காற்று பனங்குறிச்சிக்குள் நுழைந்தால் முதலில் ஆண்களின் வேட்டியைத்தான் விசாரிக்கும், அப்புறம் ஓட்டுக் கூரைகளை, அப்புறம் கோழிகளை. மேற்கே மலை இரண்டாகப் பிளந்து வழிவிட்ட கணவாயின் வாயிலேயே ஊர் உட்கார்ந்திருந்ததால், மழையையெல்லாம் கேரளத்துப் பக்கம் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிற காற்று அத்தனையும் அந்த ஊர் வழியாகத்தான் கிழக்கே போயாக வேண்டும், போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போவதை அது வழக்கமாகவே வைத்திருந்தது. ஊரைச் சுற்றி நின்ற காற்றாலைகளுக்கு மட்டும் அந்த மாதங்களில் கொண்டாட்டம். மனிதர்கள் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்து பழகியதில், கல்யாணம் ஆகி வெளியூர் போன பெண்களைக்கூட அந்தச் சாய்வை வைத்தே பனங்குறிச்சிக்காரி என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரின் நெடுஞ்சாலையில், ஓர் ஆடி மாதத்துப் பிற்பகலில், அமலோற்பவம் என்கிற சைக்கிள் பந்தயக்காரி காற்றே இல்லாத சந்து ஒன்றை விட்டுவிட்டுப் போனாள்.

அவள் வந்தது தென்முனைச் சுற்றுக்காக. அது பெண்களுக்கான தொழில்முறைப் பந்தயம். ஏழு நாள், தினம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, ஏழு நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து யாருக்குக் குறைவோ அவளுக்குக் கோப்பை. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒவ்வொருத்தியும் தனக்காக ஓட்டுவது மாதிரி தெரியும், ஆனால் ஓர் அணியில் ஆறு பேர் இருந்தால் ஐந்து பேர் ஒருத்திக்காகத்தான் மிதிக்கிறார்கள்: முன்னால் போகிறவள் காற்றை உடைப்பாள், அவளுடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒண்டிக்கொண்டு வருகிறவள் பாதிக் கஷ்டத்தில் அதே வேகத்தில் வந்துவிடுவாள். கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்கிற கம்பெனி ஒன்று நடத்திய அணியில் அமலோற்பவத்துக்கு அந்த முன்னால் போகிற வேலை. மற்றவர்களுக்குக் காற்று வாங்குவது என்றால் கடற்கரையில் சுண்டலோடு செய்கிற காரியம், அவளுக்கு அதுதான் சம்பளம் தருகிற உத்தியோகம். உடம்பில் இருப்பதெல்லாம் தீர்ந்ததும் வலது முழங்கையை ஒரே ஒரு தடவை வெளியே ஆட்டுவாள். என் பாடு முடிந்தது, இனி நீ போ என்று அதற்கு அர்த்தம். ஆட்டிவிட்டு அவள் வலப்பக்கம் ஒதுங்க, அதுவரை பின்னால் ஒண்டி வந்த மிருதுளா இடப்பக்கமாகப் புறப்பட்டுப் போய் ஜெயிப்பாள். மிருதுளா பல்லடத்துப் பெண், இருபத்திரண்டு வயது, அணியின் நட்சத்திரம், நல்ல பெண்ணும்கூட.

அமலோற்பவத்துக்கு முப்பத்து நாலு. பதின்மூன்று வருடமாக இந்த வேலையில் இருந்தும் ஒரு பந்தயத்தில்கூட முதலில் வந்தது கிடையாது. தூத்துக்குடியில் டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும் அவள் அம்மா ஒவ்வொரு தடவையும் போனில் கூப்பிட்டு, "ஏட்டி, கடைசி வரைக்கும் நீதான முன்னால போன? பொறவு எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கேட்பாள், தெருவே அதைக் கேட்கச் சொல்லியிருக்கும். அமலோற்பவம் முழங்கை விஷயத்தை விளக்குவாள், அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் சரி, நீ ஏன் ஒதுங்குத?" என்பாள்.

அன்றைக்கு, சுற்றின் கடைசி நாளன்று, எதிர்க்காற்று எப்படி அடித்தது என்றால் காற்றாலைகளையே நிறுத்தி வைத்திருந்தார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் மற்ற அணிகளெல்லாம் நூல் அறுந்த மாலை மாதிரி சிதறிப்போக, அமலோற்பவம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, மிருதுளாவைப் பின்னால் வைத்துக்கொண்டு, சாலையின் இடது ஓரமாகக் காற்றைக் குடைந்துகொண்டே போனாள். பனங்குறிச்சி பஜாருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது முழங்கையை ஆட்டி ஒதுங்கினாள். அங்கிருந்து அணியின் இன்னொருத்தி இழுத்துக் கொடுக்க மிருதுளா ஜெயித்தாள், கோப்பையும் வாங்கினாள். அமலோற்பவம் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது பந்தல்காரர்கள் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற யார் முதுகுக்குப் பின்னால் விட்டுப்போன காற்று மறைவும் அவர்கள் போன கையோடு கலைந்தது, உலகத்தில் எல்லா மறைவும் அப்படித்தான் கலையும். அமலோற்பவம் விட்டுப்போனது மட்டும் அங்கேயே கிடந்தது. ஏன் அன்றைக்கு, ஏன் அவளுக்கு என்று கேட்கிறவர்கள் அந்தக் காற்றைத்தான் போய்க் கேட்க வேண்டும், அது நின்று பதில் சொல்கிற ஜாதி கிடையாது.

முதலில் கண்டுபிடித்தவை ஆடுகள். மறுநாள் காலையில் சாலையின் இடது ஓரமாக ஒன்றின் பின் ஒன்றாக, காது அசையாமல், ஏதோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி படுத்திருந்தன. அவற்றை விரட்டப் போனவர் பழக்கத்தில் ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தார், ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. ஆடி மாதத்தில் பனங்குறிச்சியில் ஒரே குச்சியில் பீடி பற்றினால் அது செய்தி. மத்தியானத்துக்குள் ஊரே தீப்பெட்டியும் கையுமாகச் சாலையோரத்தில் நின்றது. ஒரு முழ அகலம், குனிந்து சைக்கிள் ஓட்டுகிற ஆளின் உயரம், ரயில்வே கேட்டில் தொடங்கிப் பஜாருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் முடிந்துவிடுகிறது, உள்ளே பூசை அறை மாதிரி அசைவற்ற காற்று. நேராக நின்றால் தலை மட்டும் வெளியே போய் முடி பறக்கும், அதனால் எல்லோரும் கொஞ்சம் குனிந்து நடக்கக் கற்றுக்கொண்டார்கள். சாலையில் இருந்த ஒரு குழியைச் சுற்றி அமலோற்பவம் எப்படி வளைந்து போனாளோ அதே மாதிரி சந்தும் அங்கே வளைந்து போயிற்று. அந்த வளைவை வைத்துத்தான், பந்தய வீடியோவைப் பார்த்து, இது யாருடையது என்று முடிவு செய்து அவள் பேரையே அதற்கு வைத்தார்கள். குழியை நெடுஞ்சாலைத் துறை அடைத்துவிட்டது. ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அந்த இடத்தில் வளைந்துதான் நடக்கிறார்கள்.

காற்றாலை எஞ்சினியர் ஒருவர் சுழலும் கிண்ணங்கள் வைத்த கருவியோடு வந்தார். சந்துக்குள் நீட்டினால் கிண்ணங்கள் நின்றன, வெளியே எடுத்தால் பம்பரமாகச் சுற்றின, மறுபடி நீட்டினால் நின்றன. கருவி ரிப்பேர் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார், போகும்போது சந்து வழியாகத்தான் போனார். ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது சட்டம்தான், ஏனென்றால் ஒரு முழச் சந்தில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் காற்றுக்குள் இறங்கியாக வேண்டும், அந்த ஒருவர் யார் என்பதில் பெரிய பெரிய குடும்பங்களே முறைத்துக்கொண்டு நின்றன. பஞ்சாயத்துத் தலைவி கூட்டம் போட்டு, காலையில் ஊருக்குள் வருகிறவர்களுக்கு வழி, சாயங்காலம் ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு வழி, தலைச்சுமைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பாடைக்கும் எந்த நேரமும் வழி என்று தீர்த்துவைத்தாள். முருங்கைக் கிளை காற்றில் முறியாமல் நிற்குமே என்று சந்துக்குள் வரிசையாக முருங்கை நட்ட ஒருவரை அவரே பிடுங்கும்படி செய்தாள். சவரக்கடைக்காரர் நாற்காலியைச் சந்தில் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கினார், ஆனால் யாராவது வந்தால் பாதி மீசையோடாவது வாடிக்கையாளர் எழுந்துகொள்ள வேண்டும்.

எல்லோரும் ஒற்றை வரிசையில் நடக்க வேண்டியிருந்ததால் ஊரின் குணமும் கொஞ்சம் மாறிப்போனது. வருடக்கணக்கில் பேசாமல் இருந்த ஒரு மாமியாரும் மருமகளும் ரேஷன் கடைக்கு ஒருவர் பின் ஒருவராக நடந்ததில் பேசத் தொடங்கினார்கள். முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்த்துப் பேசுவது இருவருக்குமே சௌகரியமாக இருந்தது. அம்மன் கோயில் முளைப்பாரி முதன்முதலாகத் தழை கலையாமல் கோயில் போய்ச் சேர்ந்தது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை முன்னாலும் பெண் பின்னாலும் வர, பெண்ணின் மேல் காற்றடிக்காமல் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று நாதஸ்வரக்காரர் கிண்டல் செய்தார், அடுத்த கல்யாணத்திலிருந்து பெண்ணை முன்னால் விட்டார்கள். ஒரே ஒரு குறைதான். சந்து முடிகிற இடத்தில், அதுவரை சொகுசாக வந்தவர்களைக் காற்று கன்னத்தில் அறைந்து வரவேற்றது. அந்த முனையில் ஊக்கும் ரப்பர் பேண்டும் விற்க ஒரு கடையே வந்துவிட்டது. பஜாரும் பஸ் ஸ்டாண்டும் அதற்கு அப்பால் இருந்தன, பஜார்க்காரர்கள் தாங்கள் வஞ்சிக்கப்பட்டதாகவே நினைத்தார்கள்.

வருடம் திரும்பி ஆடி வந்தது, சுற்றும் வந்தது, கடைசி நாள் மறுபடி பனங்குறிச்சியிலேயே முடிவதாக இருந்தது. சந்தைப் பற்றிக் கேள்விப்பட்ட நடுவர்கள் உட்கார்ந்து பேசினார்கள்: காருக்கும் லாரிக்கும் பின்னால் ஒண்டினால்தான் குற்றம், இன்னொரு சைக்கிளின் மறைவில் வருவது எல்லோருக்கும் உரிமை, அந்த மறைவு போன வருடத்துடையதா இந்த நிமிடத்துடையதா என்று விதி கேட்கவில்லை, ஆகவே சந்து செல்லும். வீராங்கனைகளும் அதை எடுத்துக்கொண்டார்கள். மலைப்பாதை, கல்பாவிய சாலை, மழை என்று எத்தனையோ பார்த்தவர்களுக்கு இதுவும் ஒரு சாலை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மதியம், அன்றைய ஓட்டம் முடிந்ததும், கடைசிக் கிலோமீட்டர்களைப் பார்த்துவைக்க அமலோற்பவம் தனியாக சைக்கிளில் வந்தாள். அந்த வாரம்தான் அணியின் பயிற்சியாளர் சடகோபன் அவளைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் சின்னப் பெண்களைப் பார்க்கப்போகிறோம், இந்தச் சுற்றோடு உனக்கு விடை என்று பக்குவமாகச் சொல்லியிருந்தார். அதை யோசித்துக்கொண்டே ரயில்வே கேட்டைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தாள், நுழைந்ததும் காற்று நின்றுபோயிற்று. பதினான்கு வருடத்தில் முதல் தடவையாகத் தன் சங்கிலி ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கால் தானாகப் போனது, மூச்சு நிதானமாக வந்தது, வேகமோ பந்தய வேகம். இவ்வளவு சுகமாகவா மிருதுளா இத்தனை நாளும் பின்னால் வந்தாள் என்று நினைத்தபோது அவளுக்குப் பொறாமையாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

முனையில் அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். பார்க்க வந்த கூட்டமும் வழக்கப்படி ஒற்றை வரிசையில் நின்றது, ஒவ்வொருவராக வந்து பேசிவிட்டுப் பின்னால் போனார்கள். வரிசையில் முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தவள் முப்பிடாதி, பஸ் ஸ்டாண்டில் ஆப்பக்கடை வைத்திருப்பவள்.

"நீதானாம்மா அது?"

"ஆமாக்கா."

"நல்லா இருப்ப. ஒன்னே ஒன்னு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாத. ஏன் இங்கனயே நின்னுட்ட?"

"என் வேலை இதுவரைக்குந்தான்க்கா. பொறவு அந்தப் புள்ள போவா."

"அந்தப் புள்ள போயி என்னத்த விட்டுட்டுப் போச்சு? ஒரு மண்ணும் இல்ல. நீ இன்னும் ரெண்டு கிலோமீட்டர் மிதிச்சிருந்தன்னா என் அடுப்பு நின்னு எரியும். கால் வலிச்சுதோ?"

"வலிச்சுது."

"இந்த வருசம் அம்புட்டு வலிக்காதுல்லா? பாதி தூரத்துக்குத்தான் காத்தே இல்லியே. நாளைக்குக் கடைசி வரைக்கும் வந்துரு தாயி."

அமலோற்பவம் சிரித்துவிட்டாள். ஆனால் திரும்பிப் போகும்போது அந்தப் பேச்சுதான் கூடவே வந்தது. எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும், எப்போது ஒதுங்க வேண்டும், யாருக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்கு ஆயிரம் பேர் சொல்லியிருந்தார்கள், கடைசி வரைக்கும் வா என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, கோடு வரைக்கும், முதல் ஆளாக. நாளைக்கு விட்டால் இனி எப்போதும் கிடையாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

காலையில் சடகோபன் திட்டத்தைச் சொன்னார். "சந்து ஒரு ஆள் அகலம். உள்ள போயிட்டா எவளும் முந்த முடியாது. அமலா, நீ முதல்ல நுழையற. மிருது உன் பின்னால. சந்து முடிஞ்சதும் உன்னால எவ்வளவு முடியுமோ இழு, முழங்கையை ஆட்டு, ஒதுங்கு. மிருது போயிடுவா."

"சார், மிருதுக்குக் கோப்பை எப்பவோ உறுதியாயிடுச்சு. அவளை யாரும் பிடிக்க முடியாது. இன்னைக்கு ஒரு நாள் நான் கோடு வரைக்கும் போகட்டுமா?"

சடகோபன் கெட்ட மனிதர் கிடையாது, அவசரக்காரர். "முதலாளி கோட்டுல வந்து நிக்கிறாரும்மா. மிருது கையைத் தூக்குற போட்டோதான் கம்பெனி காலண்டர்ல வரப்போகுது. நீ தூக்கினா, இது யாருன்னு கேப்பாங்க."

அமலோற்பவம் ஷூ மாட்டப் போனாள். அவளுக்கு வலித்தது, வலித்த இடத்தில் ஒரு பிடிவாதமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஊர்க்காரர்கள் விடிந்ததிலிருந்து சந்தைக் காலி செய்து வைத்திருந்தார்கள். ஆடுகளைக் கட்டிப்போட்டு, சவர நாற்காலியைத் தூக்கிவைத்து, அந்த ஒரு நாளைக்கு எல்லோரும் பழையபடி காற்றில் இறங்கி, ஒரு கையால் வேட்டியையும் மறுகையால் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு சாலையின் இருபுறமும் நின்றார்கள். ரயில்வே கேட் பக்கமிருந்து பந்தயக் கூட்டம் வந்தது, வந்த வேகத்தில் புனலுக்குள் ஊற்றிய தண்ணீர் மாதிரி ஒரு முழத்துக்குள் நுழையப் பார்த்தது, எத்தனையோ மொழிகளில் வசவு கேட்டது. அமலோற்பவம் முதல் ஆளாக உள்ளே போனாள், பின்னால் மிருதுளா, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். குழி இருந்த இடம் வந்தது. அங்கே குழி இல்லாததால் பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் நேராகப் போனார்கள், போன மாத்திரத்தில் காற்று அவர்களைப் பிடித்து நிறுத்தியது, அவர்கள் மறுபடி உள்ளே நுழைய முண்டியதில் மீதிப் பேரும் பிரேக் பிடித்தார்கள். போன வருடம் எங்கே வளைந்தோம் என்பது அமலோற்பவத்துக்குக் காலிலேயே இருந்தது. மிருதுளாவோ நாலு வருடமாக அவள் பின்சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்த்து ஓட்டாதவள், அந்தச் சக்கரம் வளைந்தது, அவளும் வளைந்தாள். இப்போது இரண்டு பேர்தான்.

சந்துக்குள் எல்லோருக்கும் ஒரே காற்று, அதாவது யாருக்கும் காற்றில்லை. முன்னால் போகிறவளுக்கும் பின்னால் ஒண்டுகிறவளுக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது, கால்தான் பேச வேண்டும். பதினான்கு வருடம் அடுத்தவர் பங்குக் காற்றையும் சேர்த்து உடைத்த கால்கள் தங்கள் பங்கு வேலையை மட்டும் செய்யக் கிடைத்ததும் என்ன செய்யும் என்று அமலோற்பவத்துக்கே அதுவரை தெரியாது. அழுத்தினாள், சைக்கிள் போயிற்று. இன்னும் அழுத்தினாள், இன்னும் போயிற்று. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, திருவிழாவில் ராட்டினம் கிளம்பும்போது வருகிற மாதிரியான அசட்டுச் சந்தோஷம். பின்னால் மிருதுளாவின் மூச்சுச் சத்தம் சன்னமாகிக்கொண்டே போய் நின்றுவிட்டது.

காதில் மாட்டியிருந்த கருவியில் சடகோபன் அலறினார். "அமலா! மிருது பின்தங்கிட்டா! நில்லு, அவளை மறைச்சுக் கூட்டிட்டு வா!"

"இங்கே என்னத்த சார் மறைக்க? அவளுக்கு வேண்டிய மறைவு ரோட்டுலயே கிடக்கு," என்றாள் அமலோற்பவம். "நான் போன வருசமே போட்டுட்டேன்."

சொல்லிவிட்டுக் கருவியைக் கழற்றிச் சட்டைக்குள் விட்டாள்.

சந்தின் முனை வந்தது. ஊக்குக் கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து நின்றார். அமலோற்பவம் அந்த எல்லையைத் தாண்டியதும் இடப்பக்கம் முன்னாலிருந்து காற்று அவள் நெஞ்சில் வந்து மோதியது. பழகிய காற்றுதான், நாள்பட்ட சக உத்தியோகஸ்தனைப் போல அவளுக்கு அதன் எல்லாச் சேட்டையும் தெரியும், இருந்தாலும் வேகம் பாதியாக விழுந்தது. தலையைக் குனிந்தாள். தொடை எரிந்தது. இருபுறமும் பனங்குறிச்சி கத்தியது, கத்தியதில் பாதியைக் காற்று கிழக்கே கொண்டுபோயிற்று, மீதிப் பாதி அவளுக்குப் போதுமானதாக இருந்தது. "வந்துரு தாயி, வந்துரு!" என்று எங்கேயோ முப்பிடாதியின் குரல் கேட்டது.

அவள் போகப் போகப் பின்னால் புதுச் சந்து திறந்துகொண்டே வந்தது, அதில் மிருதுளா வந்தாள். அது யாருக்கும் தெரிந்த கணக்குதான்; முன்னால் திணறுகிறவள் திறந்துவிட்ட வழியில் பின்னால் வருகிறவள் சிரமமில்லாமல் வந்துவிடுவாள். பஜார் தொடங்குகிற இடத்தில் மறுபடி அந்த மூச்சுச் சத்தம் ஒரு சாண் தூரத்தில் கேட்டது. மிருதுளா முந்தவில்லை. நாலு வருடமாக எப்படிக் காத்திருப்பாளோ அப்படியே, கண்ணை அமலோற்பவத்தின் வலது முழங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முழங்கை ஆடும், அக்கா வலப்பக்கம் ஒதுங்குவாள், நான் இடப்பக்கம் போவேன். அமலோற்பவத்தின் முழங்கைக்கும் அதுதான் தெரியும். உடம்பு தீர்ந்துபோன அந்த இடத்தில், பதினான்கு வருடப் பழக்கத்தில், அது தானாகவே வெளியே கிளம்பப் பார்த்தது. அவள் அதை விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கை!" என்று மிருதுளா கத்தினாள்.

பந்தல் தெரிந்தது, கோடு தெரிந்தது, முழங்கை ஆடவில்லை.

"அக்கா, கையுங்க!"

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மிருதுளா கடைசியில் தானாகவே, பழகிய இடப்பக்கமே, முழு பலத்தோடு எழுந்து மிதித்துக்கொண்டு வெளியே வந்தாள், வெளியே ஆடி மாதம் நின்றுகொண்டிருந்தது. அப்படி ஒரு காற்றை அந்தப் பெண் அதுவரை நெஞ்சில் வாங்கியதே கிடையாது. யாரோ தோளில் கை வைத்துத் தள்ளியதுபோல அவள் சைக்கிள் நின்றுநின்று போயிற்று. ஒரு கணம் இரண்டு முன்சக்கரங்களும் சமமாக வந்தன. பிறகு அமலோற்பவத்தின் சக்கரம் ஒரு விரற்கடை, அரைச் சாண், ஒரு சாண் என்று முன்னால் போய்க் கோட்டைத் தாண்டியது.

கையைத் தூக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, பிரேக் பிடிக்கவும் தோன்றவில்லை. கோட்டுக்கு அப்பால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லாத சங்கதி. பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஆப்பக்கடைகளையும் பழக்கடைகளையும் உரசிக்கொண்டு போய்த்தான் நின்றாள். அன்று சாயங்காலமே பஜார் முழுக்க ஒற்றை வரிசையில் நடக்க ஆரம்பித்து, யார் யாருக்கு வழிவிடுவது என்று முதல் சண்டையும் வந்துவிட்டது.

ஒலிபெருக்கிக்காரர் வெற்றி பெற்றவரின் பெயரைச் சொல்ல எழுந்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. "அம... அமலோ..." என்று இழுத்தார். ஊரே சேர்ந்து முழுப் பெயரையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. மேடையோரத்தில் முதலாளி, இந்தப் பெண் யார் என்று கேட்டார். சடகோபன், "நம்ம பொண்ணுதான் சார், பதினாலு வருஷமா," என்றார்.

மிருதுளா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முடியெல்லாம் கலைந்து, கண்ணில் தண்ணீர் வழிந்து கன்னத்தில் காய்ந்திருந்தது. அழுதாளா, காற்று செய்ததா என்று சொல்ல முடியாது. கோபமாகத்தான் பேச வந்திருந்தாள், ஆனால் வாயில் வந்தது வேறு.

"நான் கடைசிக் கொஞ்சம் தூரம்தானுங்க்கா வெளிய வந்தேன். மூச்சே விட முடியலீங்க." நின்று மூச்சு வாங்கினாள். "நாலு வருசமும் இதுலயாங்க்கா போயிட்டு இருந்தீங்க?"

"ஆமா," என்றாள் அமலோற்பவம்.

மிருதுளா தன் சைக்கிளில் மீதியிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அமலோற்பவம் அதை வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.